கல்லூரி நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியம்: தொடங்குவது முதல் தொடர்ந்து நடத்துவது வரை

கல்லூரியில் உருவான ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் காத்துவைத்துக் கொடுக்கும் இடம்தான் ஆய்வுக் களஞ்சியம். செட்டிநாட்டுப் பகுதியான காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரக் கல்லூரி நூலகங்களில் அதைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதல் வேலையாகக் களஞ்சியத்துக்கான இலவச மென்பொருளான டிஸ்பேஸை நிறுவுகிறார்கள், கல்லூரி இணையதளத்தில் ஒரு பொத்தான் வைக்கிறார்கள், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு பார்த்து முடிக்கிறது, அதற்கப்புறம் ஒரு பதிவுகூட ஏறுவதில்லை. மென்பொருள் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எதைச் சேர்ப்பது, யார் அனுமதி கொடுப்பது, ஆசிரியர் பெயரை எப்படி எழுதுவது, அடுத்த மாதம் கோப்பு எங்கிருந்து வரும் என்று எதுவுமே முடிவாகியிருக்காது.

அதனால் இங்கே மென்பொருள் ஏழாவது படியில்தான் வருகிறது. அவசரம் இருந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ள படியைத் தாண்டிப் போனால், அந்த வேலையைப் பின்னால் நூற்றுக்கணக்கான பதிவுகளில் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

1. முதல்வரின் கையெழுத்து, பொறுப்பான ஆள், நிலையான முகவரி

இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கையெழுத்து வாங்கப் போகும்போது கையில் ஆதாரத்தோடு போங்கள். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் ஆய்வேடுகள், கட்டுரைகள், சொந்த வெளியீடுகள் அடங்கிய களஞ்சியம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று நேரடியாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசையில் வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆள் என்றால் நூலகத்தில் ஒருவர், வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று அலுவலக உத்தரவில் எழுதப்பட்டவர். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் ஜூன் மாதச் சேர்க்கையோடு வேலை நின்றுவிடும். கணினித் துறையிலிருந்து லினக்ஸ் தெரிந்த ஒரு ஆசிரியரும் வேண்டும். இறுதியாண்டு மாணவரை மட்டும் நம்பி சர்வரை ஒப்படைக்கிறார்கள். படிப்பு முடிந்து அவர் போகும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது.

முகவரி, கல்லூரி டொமைனின் கீழ் ஒரு துணை டொமைனாக இருக்கட்டும். ஐபி எண்ணில் ஓடும் களஞ்சியங்களை இன்னும் பார்க்க முடிகிறது. இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தை மாற்றிய அன்றே அந்த முகவரியும் மாறிவிடும், வெளியே ஆய்வேடுகளில் மேற்கோளாகக் கொடுத்திருந்த இணைப்புகள் அத்தனையும் செத்துப்போகும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுங்கள். "நம்மிடம் ஐரின்ஸ் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?" என்று யாராவது கேட்பார்கள். ஐரின்ஸ் பேராசிரியர்களின் ஆய்வு விவரப் பக்கம், எந்தக் கட்டுரை எப்போது வந்தது என்று காட்டும். களஞ்சியத்தின் வேலை முழுக் கோப்பையே காப்பாற்றி வைத்துக் கொடுப்பது.

2. அலமாரியை எண்ணுங்கள்

ஒரு விரிதாள் திறந்து, கல்லூரியில் உருவான எல்லாவற்றையும் வகைவாரியாக எழுதுங்கள்: எம்ஃபில், பிஎச்டி ஆய்வேடுகள், முதுகலைத் திட்ட அறிக்கைகள், பேராசிரியர்களின் கட்டுரைகள், கருத்தரங்கத் தொகுப்புகள், கல்லூரி ஆண்டு மலர்கள், வினாத்தாள்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று தகவல் போதும்: எத்தனை இருக்கிறது, தாளிலா கோப்பாகவா, வேறு எங்காவது இணையத்தில் கிடைக்கிறதா.

மூன்றாவது கேள்விதான் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. பிஎச்டி ஆய்வேடுகளின் மின் நகலை யூஜிசி 2009இலேயே கட்டாயமாக்கிவிட்டதால் அவை பல்கலைக்கழகம் வழியாக இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுத் தளத்துக்குப் போகின்றன. எம்ஃபில் நிலைமை வேறு. யூஜிசி 2022 விதிகளில் அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முன் நம் கல்லூரிகளில் எழுதப்பட்ட எம்ஃபில் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை கல்லூரி அலமாரியில் காலிகோ அட்டை போட்டு நிற்கின்றனவே தவிர இணையத்தில் இல்லை. ஆத்தங்குடி கல் பதிக்கும் குடும்பங்கள், கண்டாங்கி நெசவாளர்கள், கொட்டான் முடையும் பெண்கள், ஒன்பது நகரத்தார் கோயில்கள், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் கணக்கு முறை என்று இந்த மண்ணைப் பற்றிய கள ஆய்வுகள் நிறைய அங்கேதான் கிடக்கின்றன. அந்த ஆய்வுக்கு அன்று பேட்டி கொடுத்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. கரையானுக்கு ஒரு பிரதி போனால் அந்தப் பேச்சும் போயிற்று. எனவே முதலில் எம்ஃபில், அடுத்து ஆண்டு மலர்கள். வெளியே ஏற்கெனவே கிடைக்கும் இதழ்க் கட்டுரைகள் கடைசியில் வரட்டும்.

பலரும் எண்ணிக்கை சீக்கிரம் ஏற வேண்டும் என்று வினாத்தாளில் தொடங்கிவிடுகிறார்கள். மாணவர்கள் அதைத் தேடி வருவார்கள் என்பது உண்மை, வைக்கவும் வேண்டும். ஆனால் தனித் தொகுப்பில் வையுங்கள். முகப்புப் பக்கம் முழுக்க நவம்பர் தேர்வு வினாத்தாளாக இருந்தால் தன் ஆய்வேட்டைக் கொடுக்க வரும் ஆசிரியருக்கு இந்த இடத்தின் மீது மதிப்பு வராது.

3. இரண்டு பக்கக் கொள்கை

நீளமான கொள்கையை யாரும் படிப்பதில்லை, கல்விக் குழுவில் அது ஒப்புதலும் ஆவதில்லை. இரண்டு பக்கத்தில் இவற்றுக்குப் பதில் இருந்தால் போதும்: யார் கொடுக்கலாம், எந்த வகை ஏற்கப்படும், கோப்பை யார் சரிபார்ப்பார், யாருக்கு எப்போது திறக்கப்படும், ஒருவர் ஆட்சேபித்தால் யார் எத்தனை நாளில் முடிவெடுப்பார், பணியிலிருந்து போனவரின் கட்டுரைகள் என்ன ஆகும்.

கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் இருந்தபோது எழுதியது களஞ்சியத்திலேயே இருக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டால், பின்னால் வேறு கல்லூரிக்குப் போனவர் "என் பெயரை எடுங்கள்" என்று கேட்கும்போது வாக்குவாதம் இருக்காது.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வந்த கட்டுரைகளை ஏற்பதா என்பதையும் கொள்கையிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்கத்தக்க இதழ்கள் அடங்கிய யூஜிசி-கேர் பட்டியலைக் காட்டி இதை முடித்துக்கொண்டிருந்தோம். 2025இல் அந்தப் பட்டியலையே யூஜிசி கைவிட்டுவிட்டது. இனி கல்லூரியின் ஆய்வுக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். நூலகர் தலையில் இந்த முடிவைக் கட்டாதீர்கள், அவர் நாள்தோறும் அதே ஆசிரியர்களோடு வேலை செய்ய வேண்டியவர்.

4. உரிமையும் அனுமதியும்

ஏற்றிய கோப்பை இறக்கிவிடலாம், ஆனால் யாரோ தரவிறக்கி வைத்திருக்கும் பிரதியைத் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் இந்த வேலை சர்வருக்கு முன்னால் வருகிறது.

ஆய்வேட்டின் பதிப்புரிமை எழுதிய மாணவருடையது. இனி வரும் ஆய்வேடுகளுக்கு ஒரு பக்கப் படிவம் தயாரியுங்கள்: உரிமை மாணவரிடமே இருக்கும், கல்லூரி அதை இணையத்தில் வெளியிடலாம், பாதுகாப்புக்காகக் கோப்பின் வடிவத்தை மாற்றலாம். வடிவம் மாற்றும் வரியை மறக்க வேண்டாம். இன்றைய கோப்பு வகை இன்னும் இருபது ஆண்டில் திறக்காமல் போனால் அந்த வரிதான் கைகொடுக்கும். புத்தகமாக்க நினைப்பவர், கோப்பைத் திறக்காமல் வைத்திருக்க ஒன்றிரண்டு ஆண்டு தடைக்காலம் கேட்டால் கொடுங்கள். கேட்டது கிடைக்கும் என்று தெரிந்தால்தான் மற்றவர்களும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

பழைய ஆய்வேடுகளுக்கு எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட்கும்போது பயமாக இருந்தாலும் இந்த வட்டாரத்தில் அது அவ்வளவு கடினமில்லை, பலர் பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும்தான் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். நெறியாளரைக் கேளுங்கள், முன்னாள் மாணவர் வாட்ஸப் குழுவில் போடுங்கள். அனுமதி வரும்வரை தலைப்பு, ஆண்டு, நெறியாளர், பொருள் ஆகிய விவரங்களை மட்டும் பொதுவில் காட்டி, கோப்பை நூலகத்துக்குள் படிக்கும்படி பூட்டி வையுங்கள். பிஎச்டியாக இருந்தால் சோத்கங்கா இணைப்பையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

இதழ்க் கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு: முதலில் அனுப்பியது, மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்டது, பதிப்பகம் பக்கம் கட்டி வெளியிட்டது. பெரிய பதிப்பகங்கள் பலவும் இரண்டாவது வடிவத்தை 12 மாதமோ, சில இதழ்களில் 24 மாதமோ கழித்துக் களஞ்சியத்தில் வைக்க விடுகின்றன. பேராசிரியர்கள் அனுப்புவது மூன்றாவது வடிவம், ஏனென்றால் கையில் அழகாக இருப்பது அதுதான். "ஐயா, பத்திரிகைக்காரர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பு வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். எந்த இதழ் எதை விடுகிறது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஷெர்பா ரோமியோ தரவுகளில் பார்க்கலாம், இப்போது அது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கிறது. உயிர்த் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியில் செய்த ஆய்வாக இருந்தால் 2014இல் வந்த அவர்களுடைய திறந்த அணுக்கக் (யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற) கொள்கையையும் எடுத்துக் காட்டுங்கள். அதன்படி களஞ்சியத்தில் வைப்பது நிதி பெற்றவரின் கடமை.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போகும் குடும்பங்கள் கடிதக் கட்டுகளையும் பேரேடுகளையும் கல்லூரிக்குக் கொடுக்கின்றன. வாங்கிக்கொள்ளுங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தாளைக் கொடுத்தவருக்கு அதை இணையத்தில் வெளியிட அனுமதிக்கும் உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது; வெளியான எழுத்துக்கு நம் நாட்டில் பொது விதி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு. வீடோ பங்காளிகளின் பொதுச்சொத்து. ஒருவர் கையெழுத்தை வைத்து ஏற்றிவிட்டு, ஊர்த் திருவிழாவுக்கு வந்த இன்னொரு பங்காளி "யாரைக் கேட்டு?" என்று நிற்கும்போது பதில் இருக்காது. வீட்டில் பங்குள்ள புள்ளிகள் (குடும்பங்கள்) எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் எழுத்தில் வாங்குங்கள், வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் நேரில் போய், எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று காட்டிவிட்டு வாங்குங்கள். யார் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார் என்று பேரேட்டில் இருக்கும், கடன் வாங்கியவரின் பேரன்கள் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள். அந்தப் பக்கங்கள் பூட்டிய தொகுப்பிலேயே இருக்கட்டும்.

தனிநபர் விவரத்தையும் இப்போதே சல்லடை போடுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், தொலைபேசி எண், சில சமயம் ஆதார் நகல்கூட இருக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை விட்டுவிட்டாலும், பேட்டி கொடுத்த பெண்ணின் எண் கூகுளில் வருவது நியாயமில்லை. நெறியாளர் கையெழுத்துள்ள சான்றிதழ்ப் பக்கத்தையும் தனிக் கோப்பாக்கிப் பூட்டிவிடுவது நல்லது.

5. விவரக் குறிப்புக்கான விதிகள்

டிஸ்பேஸ் பயன்படுத்தும் விவரக் குறிப்பு முறையான டப்ளின் கோரில் அடிப்படைப் புலங்கள், அதாவது நிரப்ப வேண்டிய கட்டங்கள், 15. எல்லாவற்றையும் நிரப்பச் சொன்னால் தட்டச்சு செய்பவர் சலித்துப்போய் எதையாவது போடுவார். தலைப்பு, ஆசிரியர், நெறியாளர், ஆண்டு, வகை, மொழி, பொருள், உரிமை ஆகியவற்றைக் கட்டாயமாக்கி, மற்றதை விருப்பமாக விடுங்கள். ஒவ்வொன்றையும் எப்படி எழுதுவது என்று ஒரு பக்க விதித்தாள் அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள்.

பெயர்தான் பெரிய வேலை. இங்கே இனிஷியல் ஒற்றை எழுத்தாக நிற்பதில்லை: பழ., ராம., அழ., சித., வீர., கரு. என்று வரும். ஆங்கிலத்தில் அது பிஎல்., ஆர்எம்., ஏஎல். ஆகிறது. "பழ. ராம. மெய்யப்பன்" என்று ஒரு பேராசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இதழ் பிஎல்., ஆர்எம். என்று இரண்டு இனிஷியலாகப் போடும், இன்னொன்று பி, எல், ஆர், எம் என்று நான்காக உடைக்கும், மூன்றாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் மெய்யப்பன் என்று போடும். களஞ்சியத்தில் அவர் மூன்று ஆளாகப் பிரிந்துவிடுவார், அவருடைய கட்டுரை எண்ணிக்கையும் பிரிந்துவிடும். அதனால் முதலில் பெயர் விரிதாள் ஒன்று: தமிழ் வடிவம், ஆங்கில வடிவம், வேறு எழுத்துமுறைகள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் எண். குடும்பப் பெயர் புலத்தில் பெயரையும் அடுத்த புலத்தில் இனிஷியலையும் போடுங்கள், இரட்டை எழுத்து இனிஷியலை உடைக்கவே கூடாது. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஆர்கிட் எண் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடும்.

தமிழ் எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. "பௌத்தம்" என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து "பெளத்தம்" என்று அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் யூனிகோடில் இரண்டு விதமான அடிப்படை உண்டு, பெயர்களில் அடிக்கடி வருவதால் இது வேறு தொல்லை. விரிதாளில் தேடி மாற்றும் கட்டளையைப் போட்டு மொத்தமாகச் சரிசெய்த பிறகே ஏற்றுங்கள்.

பொருள் சொற்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். செட்டிநாடு, செட்டிநாட்டு, நகரத்தார், நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்று ஆளுக்கொரு சொல் போட்டால் ஒரே பொருளில் உள்ள ஆய்வேடுகள் சேரவே சேராது. தமிழ் ஆய்வேட்டுக்கு ஆங்கிலத் தலைப்பும் குறிச்சொற்களும், ஆங்கில ஆய்வேட்டுக்குத் தமிழ்த் தலைப்பும் கட்டாயம்; தேடுகிறவர் எந்த மொழியில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

பழைய ஆவணங்களில் விரோதி, ஆங்கிரச என்று தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் அப்படியே ஒரு குறிப்புப் புலத்தில் எழுதிவிட்டு ஆங்கில ஆண்டைத் தனியே போடுங்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் பெயரை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது.

6. கோப்பைத் தயார் செய்வது

தாளில் இருப்பதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கார்பன் பிரதி ஆய்வேடுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மெலிந்த எழுத்துகள் மறைந்துவிடும், சாம்பல் நிற அமைப்பில் எடுங்கள். மூலப் படங்களைத் தனி வட்டில் வைத்துவிட்டு, படிக்கக் கொடுப்பதற்கு, நெடுங்காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ வகையில் ஒரு பிரதி. தைத்த அட்டையைப் பிரிக்க வேண்டாம், மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் பல்கலைக்கழகத்திலோ பக்கத்துக் கல்லூரியிலோ இருந்தால் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. டெசராக்ட் இலவசம், தமிழ் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, லை வடிவங்களில் தடுமாறும். அப்படிப் பிழையோடு இருந்தாலும் அது கொடுக்கும் எழுத்தை பிடிஎஃப்பில் படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அடுக்காக வைத்துவிடுங்கள். நூற்றில் எண்பது சொல் சரியாக வந்தாலே தேடலில் அகப்படும்.

கோப்பாகவே வரும் தமிழ் ஆய்வேடுகளில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். யூனிகோடு அல்லாத பாமினியிலோ வானவில் எழுத்துருவிலோ அடித்து பிடிஎஃப் ஆக்கியது பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அந்தக் கோப்பைக் கூகுளும் உங்கள் களஞ்சியத் தேடலும் தமிழாகவே பார்க்காது. ஆகவே தமிழ் ஆய்வேட்டுக்கு எப்போதும் வேர்டு கோப்பையும் சேர்த்து வாங்குங்கள், என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், அட்டவணைகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். வேர்டு கோப்பு தொலைந்திருந்தால் பிடிஎஃப்பைப் படமாக்கி எழுத்துணரியில் போடுவது ஒன்றே வழி. இந்த நகலெடுத்து ஒட்டும் சோதனையைப் பெறும் மேசையிலேயே மாணவர் எதிரில் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கோப்பின் அளவையும் பாருங்கள். 5 எம்பிக்கு மேற்பட்ட பிடிஎஃப்பைக் கூகுள் ஸ்காலர் எடுத்துக்கொள்வதில்லை. சோத்கங்காவில் இருப்பதுபோல் இயல்வாரியாகப் பிரித்தால் அந்த அளவுக்குள் வரும்.

7. மென்பொருள்

இப்போதுதான் டிஸ்பேஸ். இதே வேலைக்கான இன்னொரு இலவச மென்பொருளான இபிரிண்ட்ஸும் நல்லதுதான், சிறிய சர்வரில் ஓடும். ஆனால் இங்கே உதவி கேட்க ஆள் கிடைப்பது டிஸ்பேஸுக்குத்தான்.

யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பல 5, 6 பதிப்புகளுக்கானவை. அவற்றுக்கான ஆதரவு 2023இல் முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 7ஆம் பதிப்பிலிருந்து முகப்பு தனியாகவும் பின்னணி தனியாகவும் ஓடுகிறது, அதனால் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். பழைய அலுவலகக் கணினியில் போட்டுவிட்டு "மெதுவாக இருக்கிறது" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மின்வெட்டும் இணைப்புத் தடங்கலும் இருக்கும் வளாகத்தில் வாடகை சர்வர் எடுப்பதே என் பரிந்துரை. நிறுவுவதற்கு முன் டிஸ்பேஸின் டெமோ தளத்தில் ஒரு பதிவை ஏற்றிப் பழகுங்கள்.

தொடங்கும் அன்றே மாற்ற வேண்டியது ஹேண்டில் முன்னொட்டு. ஹேண்டில் என்பது சர்வர் மாறினாலும் மாறாத நிலையான முகவரி, முன்னொட்டு அதில் உங்கள் நிறுவனத்தைக் குறிக்கும் எண். டிஸ்பேஸ் 123456789 என்ற எண்ணோடு வரும், அது வெறும் மாதிரி. அதை மாற்றாமல் ஓட்டினால் ஒவ்வொரு பதிவின் கீழும் தெரியும் "நிலையான முகவரி" எங்கேயும் போகாது. ஹேண்டில் அமைப்பில் பதிவு செய்து சொந்த முன்னொட்டு வாங்குங்கள், ஆண்டுக் கட்டணம் உண்டு.

தொகுப்புகளைத் துறைவாரியாக அமைத்து அதற்குள் வகைவாரியாகப் பிரியுங்கள். துறைத் தலைவர் தன் துறையின் பக்கத்தைப் பார்த்தால்தான் அக்கறை வரும். முழு எழுத்துத் தேடலுக்காகக் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி வேலையை இரவு அட்டவணையில் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் புதிய கோப்புகளின் உள்ளடக்கம் தேடலில் வராது.

8. ஐம்பது பதிவுகளோடு நில்லுங்கள்

எல்லாத் துறையிலிருந்தும் கலந்து ஐம்பது எடுத்து ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், அறிவியலில் ஒருவர், ஒரு மாணவர் என்று மூன்று பேரை உட்கார வைத்து, தாங்கள் தேடும் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கே தவறு என்று அவர்கள் விரல் போகும் இடத்திலேயே தெரிந்துவிடும். ஐம்பதில் பெயர் விதியை மாற்றுவது ஒரு மாலை வேலை, இரண்டாயிரத்தில் அது மாதக்கணக்கு. விதித்தாளைத் திருத்திய பிறகு மீதியை விரிதாள் வழியாக மொத்தமாக ஏற்றலாம்.

9. வெளியே தெரியச் செய்வது

பதிவு விவரங்களைப் பிற தளங்களுக்குக் கொடுக்கும் ஓஏஐ-பிஎம்ஹெச் முகவரி வேலை செய்கிறதா என்று பாருங்கள், அதன் வழியாகத்தான் மற்ற தேடுதளங்கள் உங்கள் விவரங்களை எடுத்துக்கொள்ளும். உலகக் களஞ்சியங்களைப் பட்டியலிடும் ஓப்பன்டோர் அடைவில் பதிவு செய்யுங்கள். சர்வரில் தேடுபொறிகளைத் தடுக்கும் அமைப்பு சோதனைக் காலத்திலிருந்து அப்படியே நின்றிருக்கலாம், அதை எடுத்துவிடுங்கள். சில வாரம் கழித்து ஒரு ஆய்வேட்டுத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடிப் பார்த்தால் நிலைமை தெரியும்.

10. வரத்துக்கு வழி செய்வது

ஆசிரியர்கள் தாங்களே உள்ளே வந்து ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்த களஞ்சியம் எதுவும் வளர்ந்து நான் பார்க்கவில்லை. சுற்றறிக்கையும் பயிற்சி முகாமும் ஒரு வாரத்துக்குத் தாங்கும். அவர்கள் ஏற்கெனவே கட்டாயமாக நடந்துபோகும் பாதையில் களஞ்சியத்தை வைக்க வேண்டும்.

மாணவருக்கு அந்தப் பாதை நோ டியூஸ் சான்றிதழ். நூலகக் கையெழுத்துக்கு வரும்போது கோப்பும் அனுமதிப் படிவமும் கொடுத்தால்தான் கையெழுத்து என்று முதல்வர் உத்தரவு இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஆண்டின் எல்லா ஆய்வேடுகளும் திட்ட அறிக்கைகளும் வந்து சேரும். பொதுவில் திறப்பதா, பூட்டி வைப்பதா என்பதை மட்டும் மாணவர் விருப்பத்துக்கு விடுங்கள். சான்றிதழைக் காட்டி வெளியீட்டுக்கே கட்டாயப்படுத்துவது அனுமதி ஆகாது.

ஆசிரியருக்கு அந்தப் பாதை தர உறுதிக் குழு ஆண்டுதோறும் கேட்கும் வெளியீட்டுப் பட்டியலும், பதவி உயர்வு விண்ணப்பமும். பட்டியலோடு கோப்பையும் ஒரு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், ஏற்றும் வேலை நூலகத்துடையது. பதிலுக்கு அவர்களுக்குப் பதிவின் இணைப்பை அனுப்புங்கள், அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் அதையே ஒட்டிக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரவர் கட்டுரை எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்று தனித்தனியே எழுதுங்கள். மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தன் எம்ஃபில் ஆய்வேட்டை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த ஆசிரியர் அடுத்த வாரம் தன் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

11. பேக்கப்பும் ஒப்படைப்பும்

தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். அதில் விவரங்கள்தான் இருக்கும், பிடிஎஃப்கள் இருக்காது. தரவுத்தளம், கோப்புகள் இருக்கும் அசெட்ஸ்டோர் கோப்புறை, அமைப்புக் கோப்புகள் மூன்றும் சேர்ந்துதான் பேக்கப். தரவிறக்க எண்ணிக்கைகள் டிஸ்பேஸின் தேடல் பொறியான சோலரில் தனியே இருக்கின்றன, அவற்றையும் ஏற்றுமதி செய்து வையுங்கள்; தேடல் குறியீட்டைத் திரும்ப உருவாக்கலாம், எண்ணிக்கையை முடியாது. ஒரு பிரதியாவது வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டு எடுத்துப் பாருங்கள், திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

டொமைன், சர்வர் வாடகை, ஹேண்டில் மூன்றின் புதுப்பிப்புத் தேதிகளும் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு வரும்படி இருக்கக் கூடாது. நூலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். நிர்வாகக் கடவுச்சொற்கள், சர்வர் விவரம், பெயர் விரிதாள், விதித்தாள், புள்ளிகள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதங்களின் கோப்பு எண் எல்லாம் ஒரு உறையில் முதல்வர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது, போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வருகிறவர் தன் கையால் ஒரு ஆய்வேட்டை ஏற்றி, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுக் காட்டட்டும். பணிவிடுப்புக் கடிதத்தில் முதல்வர் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.